உறைபனி எட்டும் உயரம்: வெப்பமண்டலப் புல்வெளியில் மரம் ஏன் நிற்பதில்லை?

எமரால்டு பாலா

எல்லோருக்கும் வணக்கம். நீலகிரியில் எமரால்டு பக்கம் இருக்கிறேன். அவலாஞ்சி போகும் வழியில் உள்ள புல்மேடுகளில் சோலை (மலை மடிப்புகளில் இருக்கும் எங்கள் காடு) மரக்கன்று நட வனத்துறையிடம் அனுமதி கேட்கலாம் என்று எங்கள் ஊர் இளைஞர்கள் பேசிக்கொண்டிருக்கிறோம். "இவ்வளவு இடம் மொட்டையாகக் கிடக்கிறது, மரம் வைத்தால் தண்ணீர் பெருகும்" என்பது பலருடைய எண்ணம். ஊர்ப் பெரியவர்கள் வேண்டாம் என்கிறார்கள். "அங்க கன்னு நிக்காது, மார்கழி தையில பனி கருக்கிடும்" என்பதற்கு மேல் அவர்கள் விளக்கம் சொல்வதில்லை.

எனக்குப் புரியாதது இதுதான். அந்தப் புல்மேட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் சோலை இருக்கிறது. அதே மழை, அதே காற்று, அதே குளிர். சோலைக்குள் பெரிய பெரிய மரங்கள். விளிம்பைத் தாண்டினால் புல் மட்டும்தான், கன்றுகூடக் கண்ணில் படாது. பனி இப்படிக் கோடு கிழித்து நிறுத்துமா? நிலநடுக்கோட்டிலிருந்து 11 டிகிரியில் இருக்கிறோம். வெப்பமண்டலத்தில் வேறு எங்காவது மரத்தின் தலையெழுத்தை உறைபனி எழுதுகிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இதை வைத்துத்தான் நாங்கள் முடிவு எடுக்க வேண்டும்.

குந்தா தேயிலை

பாலா தம்பி, பெரியவர்கள் பார்த்துத்தான் சொல்கிறார்கள். எங்கள் தோட்டத்தில் பாதி சரிவில், பாதி பள்ளத்தில். பனி அடிக்கிற வருடங்களில் பள்ளத்துப் பாதி செங்கல் நிறத்துக்குக் கருகிவிடும், சரிவில் அந்த அளவுக்கு ஒன்றும் ஆகாது. அதே பள்ளத்தில் சில்வர் ஓக் நிழல் விழும் வரிசைகள் பச்சையாகத் தப்பிவிடும். ஒரே தோட்டம், ஒரே இரவு. செடிக்கு மேலே என்ன இருக்கிறது, குளிர்ந்த காற்று எங்கே போய்த் தங்குகிறது, இந்த இரண்டும்தான் தீர்மானிக்கின்றன.

இன்னொன்று. பனி விழுந்த இரவைவிட மறுநாள் காலைதான் எங்களுக்குப் பயம். வெயில் சுள்ளென்று இலைமேல் பட்டால் மதியத்துக்குள் கொழுந்து கருத்துவிடும். மெதுவாக இளகும் பக்கத்தில் சேதம் குறைவு.

சவன்னா மாணவி

நல்ல கேள்வி பாலா. நான் தாவரச் சூழலியல் படிக்கிறேன். பிரேசிலில் சாவோ பாவ்லோ மாநிலத்தின் மேற்குப் பகுதியில் களப்பணி செய்திருக்கிறேன். குந்தா அக்கா தோட்டத்தில் பார்த்ததைத்தான் அங்கே காட்டுக்கும் புல்வெளிக்கும் நடுவில் ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள்.

முதலில் பனி எப்படி உண்டாகிறது என்று சொல்லிவிடுகிறேன். வெப்பமண்டலத்தில் பெரும்பாலும் குளிர் தரையிலிருந்து மேலே வருகிறது. மேகமில்லாத, காற்றில்லாத, ஈரம் குறைந்த இரவில் புல்லும் இலையும் தங்கள் வெப்பத்தை நேரே வானத்துக்கு இழக்கின்றன. அதனால் இலை, தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து போகிறது. வானிலை நிலையத்தில் வெப்பமானியை ஆளுயரக் கூண்டில்தான் வைத்திருப்பார்கள். அங்கே 2 டிகிரி காட்டும்போதே புல்நுனியில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போயிருக்கும். தரையை ஒட்டி அதிகக் குளிர், மேலே போகப் போகக் குறைவு. பகலில் நாம் அறிந்த வரிசை அப்படியே தலைகீழாக இருக்கும்.

புல்வெளி இதை இன்னும் மோசமாக்கும். பகலில் மண்ணில் சேர்ந்த வெப்பம் மேலே வர முடியாதபடி அடர்ந்த புல் தடுத்துவிடுகிறது. மண் சூடாக இருக்க, புல்லின் மேற்பரப்பு உறைந்து கிடக்கும். ஒரு முழம் உயரக் கன்றின் உச்சி சரியாக அந்த மட்டத்தில்தான் நிற்கிறது.

காட்டுக்குள் கதை வேறு. மேலே இருக்கும் இலைக்கூரை ஒரு போர்வை. தரையிலிருந்து கிளம்பும் வெப்பத்தைப் பிடித்துத் திருப்பி அனுப்புகிறது. வானத்தைப் பார்த்துக் குளிர்வது கூரையின் மேல் இலைகள்தான், அடியில் இருக்கும் கன்று இல்லை. அதனால் பாலா, "அதே குளிர்" என்று எழுதியிருக்கிறீர்களே, அது அதே குளிர் இல்லை. சோலை விளிம்புக்கு உள்ளேயும் வெளியேயும் இரண்டு வேறு இரவுகள் நடக்கின்றன.

இலைக்குள் என்ன நடக்கிறது என்றால், பனிக்கட்டி முதலில் செல்களுக்கு இடையிலுள்ள வெளியில் உருவாகும். அது செல்லுக்குள் இருக்கும் நீரை உறிஞ்சி இழுக்கும். செல் வற்றிச் சுருங்கிச் சவ்வு கிழிந்தால் அத்தோடு முடிந்தது. தண்டில் நீர் ஏறும் குழாய்கள் உறைந்து, பிறகு இளகும்போது காற்றுக் குமிழிகள் அடைத்துக்கொள்ளலாம். காலை வெயிலுக்கு அக்கா பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. குளிரில் முடங்கிய இலையால் வந்து விழும் ஒளியைப் பயன்படுத்த முடியாது. அந்த ஒளியே இலையின் ஒளிச்சேர்க்கை அமைப்பைச் சிதைக்கும்.

ஆனால் இவ்வளவு நடந்தாலும் வெப்பமண்டலத்தில் மண் உறைவதில்லை. வேர் பிழைத்துக்கொள்ளும். மேல்பாகம் மட்டும் செத்து, அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். அடுத்த உறைபனி வந்து அதையும் தரைமட்டத்துக்கு இறக்கும். உறைபனி எட்டாத உயரத்தை ஒரு கன்று எத்தனை வருடத்தில் தொடும், அதற்குள் எத்தனை பனி வரும் என்பதைப் பொறுத்துத்தான் அங்கே மரம் வரும் அல்லது வராது.

கேள்விக்குறி

இந்த விளக்கத்தை முழுதாக ஏற்க எனக்குத் தயக்கம். இரண்டு காரணம்.

ஒன்று, குளிர்ந்த காற்று கனமானது, வழிந்து பள்ளத்தில் தேங்கும். அக்காவும் அதைத்தானே சொன்னார்? அப்படியானால் நீலகிரியில் பள்ளம் காலியாகவும் மேடு காடாகவும் அல்லவா இருக்க வேண்டும்? நேர்மாறாக இருக்கிறது. சோலைகள் மடிப்புகளில் ஒடுங்கியிருக்கின்றன, புல் மேட்டில் இருக்கிறது.

இரண்டு, தீ. மேட்டில் தீ ஓடும், ஈரமான மடிப்பில் அணையும். சோலையின் வடிவத்தைத் தீ மட்டுமே வைத்து விளக்கிவிடலாம். பனியைக் கொண்டுவர வேண்டிய அவசியம் என்ன?

ஓய்வு வனவர்

கேள்விக்குறி கேட்டது புதிய கேள்வி இல்லை. வனத்துறைக்குள்ளேயே எண்பது ஆண்டுகளுக்கு மேல் நடக்கும் வாதம் இது. 1938-ல் சி. ஆர். ரங்கநாதன் என்ற வன அதிகாரி 'இந்தியன் ஃபாரஸ்டர்' இதழில் நீலகிரி மேட்டுநிலத்தைப் பற்றி எழுதினார். சோலை மரங்களின் கன்றுகள் திறந்த வெளியில் உறைபனிக்குத் தாங்குவதில்லை, ஆகவே இந்தப் புல்வெளி இயற்கையான நிலைதான் என்பது அவர் கட்சி. அதே காலத்தில் என். எல். போர் எதிர்த்து நின்றார். தீயும் மேய்ச்சலும் இல்லாவிட்டால் இது காடாகியிருக்கும் என்பது அவர் பார்வை.

இது வெறும் ஏட்டுச் சண்டையாக நின்றிருந்தால் பரவாயில்லை. புல்வெளி என்பது அழிந்த காடு என்று நம்பியதால்தான் அதைத் தரிசு என்று கணக்கில் எழுதினார்கள். தரிசு என்று எழுதிய இடத்தில் சீகையும் (வாட்டில் என்ற வெளிநாட்டு அகேசியா) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) பைனும் நட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில் விறகுக்காக ஆரம்பித்தது, பிறகு சீகைப்பட்டைக்காகவும் ஆலைகளுக்காகவும் ஆயிரக்கணக்கான ஹெக்டேராக விரிந்தது. என் பணிக்காலத்தின் முதல் பகுதியில் நானும் அந்தத் தோட்டங்களைக் காத்தவன்தான். அப்போது அரசின் கொள்கை அது.

புல்வெளியின் வயது பற்றிய சந்தேகம் 1993-ல் பெருமளவு தீர்ந்தது. ரா. சுகுமாரும் சக ஆய்வாளர்களும் நீலகிரிச் சதுப்புகளில் படிந்த கரிமண்ணை எடுத்து, அதில் உள்ள கார்பன் ஐசோடோப்புகளை (எடை வேறுபட்ட கார்பன் அணுக்களை) அளந்து 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். வெப்பமண்டலப் புற்கள் பெரும்பாலும் ஒருவகை ஒளிச்சேர்க்கை செய்பவை, மரங்கள் வேறுவகை. இரண்டும் மண்ணில் விட்டுச்செல்லும் கார்பனின் கையெழுத்து வேறு வேறு. அந்தப் பதிவு சுமார் 20,000 ஆண்டுகளுக்குப் பின்னோக்கிப் போகிறது. அந்தக் கடும் பனியுகக் காலத்திலேயே இங்கே புல் இருந்தது. பிறகு ஈரமான காலத்தில் காடு கூடியது, வறண்டபோது புல் கூடியது. கோடாரி வருவதற்கு வெகு காலத்துக்கு முன்பே இங்கே புல்வெளி உண்டு.

சவன்னா மாணவி

வனவர் ஐயா, விரிவாகச் சொன்னதற்கு நன்றி. இனி கேள்விக்குறியின் பள்ளம் பற்றிய கேள்வி.

குளிர்காற்று தேங்குவதற்குத் தட்டையான அடிவாரம் வேண்டும். நீலகிரியில் அப்படித் தட்டையான பள்ளத்தாக்கு அடிகளைப் போய்ப் பாருங்கள். அங்கே சோலை இல்லை. கோரையும் புல்லும் சேறும்தான். ஐயா சொன்ன கரிமண் கிடைத்ததும் அப்படிப்பட்ட சதுப்புகளில்தான். சோலைகள் பெரும்பாலும் இருப்பது சரிவின் மடிப்புகளில், ஓடைத் தலைப்பில். அங்கே குளிர்காற்று வழிந்து கீழே இறங்கிவிடும், தங்காது. மண் ஆழமும் ஈரமும் அங்கே அதிகம். ஒருமுறை இலைக்கூரை மூடிவிட்டால் அதன் பிறகு காடு தன் குளிரைத் தானே தணித்துக்கொள்கிறது.

ஆனால் தீ பற்றி நீங்கள் சொல்வதை மறுக்கவே மாட்டேன். "தீயா, பனியா" என்று கேட்பதே நம்மைத் தவறான பக்கம் இழுக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன. உறைபனி புல்லை ஒரே வாரத்தில் வைக்கோலாக்கிவிடும். நீலகிரியில் டிசம்பர், ஜனவரிப் பனி காயவைத்த புல்தான் பிப்ரவரி, மார்ச்சில் எரிகிறது. பிரேசிலில் ஜூன், ஜூலையில் பனி, ஆகஸ்டு, செப்டம்பரில் தீ. பனி கருக்கிய இலைகள் உதிர்ந்து அதுவும் எரிபொருளாகும். பனியில் மேல்பாகம் செத்து அடியில் துளிர்த்த கன்று, தீ வரும்போது மறுபடி முழங்கால் உயரத்தில்தான் நிற்கும்.

பிரேசில் விஷயத்தைச் சொல்கிறேன். அங்கே செராடோ என்ற சவன்னா (மரங்கள் சிதறி நிற்கும் புல்வெளி) நாட்டின் நடுப்பகுதி முழுக்கப் பரந்திருக்கிறது. அதன் தெற்கு ஓரம் சாவோ பாவ்லோ, பரானா மாநிலங்களில், மகர ரேகைக்குப் பக்கத்தில் முடிகிறது. தென்துருவப் பக்கத்திலிருந்து குளிர்காற்று ஏறி வந்து, வானம் தெளிந்து, காற்று நின்றுவிட்டால் அந்த இரவு உறைபனி நிச்சயம். ஒவ்வோர் ஆண்டும் கடுமையாக வராது, சில சமயம் பல ஆண்டு இடைவெளி விட்டு வரும். 2000-ஆம் ஆண்டு ஜூலையில் வந்த பனிக்குப் பிறகு அசிஸ் என்ற ஊரை ஒட்டிய காப்புப் பகுதியில் செராடோ மரங்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 2019-ல் வில்லியம் ஹாஃப்மன் குழு, காடும் சவன்னாவும் சந்திக்கும் பல இடங்களில் ஒரு கடும் பனியின்போது வெப்பநிலையையும் சேதத்தையும் அளந்து 'ஜர்னல் ஆஃப் ஈகாலஜி'யில் எழுதியது. மரம் கூடக் கூட இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை ஏறுகிறது. திறந்த சவன்னாவில் சேதம் அதிகம். அரிதாக வரும் பனிகூட இரண்டுக்கும் நடுவே உள்ள எல்லையை இறுக்கிப் பிடிக்கிறது என்பது அவர்கள் முடிவு.

அந்த "அரிதாக" என்ற சொல்லைக் கவனியுங்கள். சராசரி வெப்பநிலையைப் பார்த்தால் அங்கே பனிக்கு வேலையே இல்லை என்று தோன்றும். மரத்தின் ஆயுளில் மூன்று நான்கு இரவுகள் போதும்.

செராடோ மரங்கள் இதற்குத் தயாராகவே இருக்கின்றன. தடித்த தக்கைப் பட்டை, மண்ணுக்கடியில் கிழங்கு மாதிரி பருத்த கட்டை. இவை முதலில் தீக்காக உருவான குணங்கள் என்றுதான் பலரும் கருதுகிறார்கள். பனிக்கும் அதுவே உதவுகிறது. சில மணி நேரக் குளிர் தடித்த பட்டையைத் தாண்டி உள்ளே இறங்குவதற்குள் விடிந்துவிடும். காட்டு மரத்தின் மெல்லிய தண்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

காபிக்கொட்டை

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பரானா என்றதும் காபி வியாபாரத்தில் உள்ள எனக்கு 1975 ஜூலை 18 நினைவுக்கு வருகிறது. அதைக் கறுப்புப் பனி என்பார்கள். காற்றில் ஈரம் இல்லாததால் வெள்ளையாக எதுவும் படியவில்லை, செடிகள் உள்ளுக்குள் உறைந்து கருத்தன. பரானா மாநிலத்தின் காபித் தோட்டங்கள் கிட்டத்தட்ட முழுதாகப் போயின. அடுத்த இரண்டு ஆண்டுகளில் உலகக் காபி விலை பலமடங்கு ஏறியது. பிரேசிலின் காபி வடக்கே மினாஸ் ஜெராய்ஸ் பக்கம் நகர்ந்ததற்கு அந்த இரவு ஒரு முக்கியமான காரணம். 1994-லும் 2021 ஜூலையிலும் மறுபடி அடித்தது. மினாஸும் தப்பவில்லை.

காபி, காட்டின் நிழலில் பிறந்த செடி. அதைக் கூரையில்லாத வெளியில் வரிசை வரிசையாக நட்டோம். சோலைக்கன்றைப் புல்வெளியில் நடுவதும் இதேதானே என்று மாணவியின் பதிவைப் படித்தபோது தோன்றியது.

கேள்விக்குறி

பள்ளம் பற்றிய விளக்கம் நியாயமாக இருக்கிறது. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. காட்டுப் பூவரசு புல்வெளி நடுவில் தனியாக நிற்கிறதே? முக்கூர்த்திப் பக்கம் போனவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். சிவப்புப் பூ, கோணல்மாணலான தண்டு. பனி எல்லா மரத்தையும் நிறுத்துகிறது என்றால் அது எப்படித் தப்பியது?

ஓய்வு வனவர்

எல்லா மரத்தையும் நிறுத்துகிறது என்று யாரும் சொல்லவில்லை. காட்டுப் பூவரசு, அதாவது நீலகிரி ரோடோடென்ட்ரான், இமயமலை இனத்தின் நெருங்கிய உறவு. தடித்த பட்டை, தோல் போன்ற இலை. குளிரும் தெரியும், தீயும் தெரியும். எரிந்த மேட்டில் அடிமரம் கருகி நின்று, மேலே பூத்திருக்கும் பூவரசுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அது சோலைக்குள் நிழலில் அவ்வளவாக வராது, வெளியில்தான் அதன் வாழ்க்கை. சோலைக்குள் இருக்கும் நாவல் இனங்கள், லாரல் குடும்ப மரங்கள் வேறு வகை. அவற்றின் கன்றுகளுக்கு நிழலும் ஈரமும் வேண்டும்.

எமரால்டு பாலா

நன்றி, நிறையப் புரிகிறது. அப்படியானால் அடுத்த சந்தேகம். சீகை எப்படிப் புல்வெளியில் வருகிறது? எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் தெரியும் மேடுகளில் யாரும் நடாமலே சீகைக்கன்று மண்டிக்கிடக்கிறது. அதற்குப் பனி கிடையாதா?

சவன்னா மாணவி

கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். சீகை தென்கிழக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அங்கே குளிர்காலப் பனி வழக்கம்தான். வேர் முண்டுகளில் நைட்ரஜனைச் சேர்க்கும், வேகமாக வளரும், சீக்கிரமே பனி எட்டாத உயரத்துக்குப் போய்விடும். விதைகள் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், தீ பட்டால் முளைத்தெழும்.

பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் அதுல் ஜோஷி, ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் மூவரும் இதை நீலகிரியிலேயே சோதித்து 2020-ல் வெளியிட்டார்கள். சோலை மரக்கன்றுகள், வெளிநாட்டு அகேசியாக் கன்றுகள் இரண்டையும் வைத்துப் பார்த்தார்கள். புல்வெளியின் உறைபனியில் சோலைக்கன்றுகள் தடுமாறின, அகேசியா சமாளித்தது. காடும் புல்வெளியும் பக்கத்தில் பக்கத்தில் நிலைத்திருப்பதற்கு உறைபனி ஒரு காரணம், வெளியிலிருந்து வந்த மரமும் புவி வெப்பமாவதும் அந்தச் சமநிலையைக் குலைக்கும் என்பது அவர்கள் சொல்வது.

ரங்கநாதன் 1938-ல் எழுதியதன் பெரும்பகுதி 82 ஆண்டு கழித்துச் சோதனையில் நின்றிருக்கிறது. ஆனால் அவருக்கு அன்று தெரியவந்திராத ஆபத்து ஒன்று சேர்ந்திருக்கிறது. பனி இரவுகள் குறைந்தால் புல்வெளிக்குள் முதலில் நுழையப்போவது சோலை இல்லை. வாசலில் ஏற்கெனவே காத்திருக்கும் சீகை. எனக்கு இதுதான் உண்மையான கவலை.

நுவரெலியா ரவி

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கமும் தை, மாசியில் துகள்பனி விழும். அம்பேவெல, நுவரெலியா ரேஸ் மைதானம், ஹோட்டன் சமவெளி எல்லாம் காலையில் வெள்ளையாகக் கிடக்கும். தோட்டத்தில் பள்ளத்து மலைகளில் கொழுந்து கருகி, எடுக்க நாள் ஆகும். நாள் சம்பளக்காரருக்கு அது நேரே வயிற்றில் அடி.

ஹோட்டன் சமவெளியிலும் பாலா சொன்ன அதே காட்சிதான். பத்தனைப் புல்வெளி, அதை ஒட்டிக் குட்டைக்காடு, நடுவில் சிவப்புப் பூ ரோடோடென்ட்ரான். அங்கே ஒரு காலத்தில் உருளைக்கிழங்கு பயிரிட்ட நிலங்களும் உண்டு. கைவிட்டுப் பல்லாண்டு ஆகியும் அவை காடாகவில்லை. மண் கெட்டதும் காரணமாக இருக்கும், மான் மேய்வதும் இருக்கும். பனியையும் இனிச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று இந்த இழையைப் படித்தபின் நினைக்கிறேன்.

சவன்னா மாணவி

ரவி அண்ணா, மான் என்றதும் ஆப்பிரிக்கா நினைவுக்கு வந்தது. ஜிம்பாப்வேயின் மேற்குப் பகுதியில், ஹ்வாங்கே தேசியப் பூங்காவைச் சுற்றிக் கலஹாரி மணல் பரந்திருக்கிறது. காய்ந்த மணல் வெப்பத்தைக் கடத்தாது. பகலில் மேலே மட்டும் சுடும், இரவில் விரைவாகக் குளிர்ந்துவிடும். அதனால் அங்கே தாழ்வான இடங்களில் கடும் உறைபனி. ரிக்கார்டோ ஹோல்டோ என்ற ஆய்வாளர் அங்கே யானை, உறைபனி, தீ மூன்றையும் சேர்த்துப் பார்த்து 2006-ஐ ஒட்டிச் சில கட்டுரைகள் எழுதினார்.

யானை ஒரு மரத்தை ஒடித்துவிட்டால் அது அடியிலிருந்து துளிர்த்துப் புதராகிறது. பனி எட்டாத உயரத்தில் இருந்த மரம் இப்போது பனிக்குள் இறங்கிவிட்டது. பனி கருக்கியதும் தீ எட்டும் உயரத்துக்குள்ளும் வந்துவிட்டது. ஒடித்தது யானைதான், ஆனால் அந்த மரம் எழவிடாமல் வைத்திருப்பவை மற்ற இரண்டும். யானை மரங்களை அழிக்கிறது என்று மேலோட்டமாக எழுதும் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் இந்தப் பாதிக் கதை விட்டுப்போகிறதே என்று வருத்தமாக இருக்கும்.

குந்தா தேயிலை

தண்ணீர் தெளித்தால் பனியைத் தடுக்கலாம் என்று கேட்டு எனக்குத் தனிச்செய்தி வந்தது. பொதுவில் சொல்லிவிடுகிறேன். கேரட், உருளை போடுகிறவர்கள் விடியுமுன் ஸ்பிரிங்ளர் ஓடவிடுவது உண்டு. நீர் உறையும்போது வெப்பத்தை வெளியே விடும், அதுதான் இலையைக் காப்பாற்றுகிறது. ஆரம்பித்தால் பனி இளகும்வரை நிறுத்தக்கூடாது. பாதியில் நிறுத்தினால் ஈரம் ஆவியாகி இன்னும் குளிரவைக்கும், தெளிக்காமல் இருந்ததைவிட மோசம். ஊட்டித் தாவரவியல் பூங்காவில் மலர் நாற்றுகளைக் கோத்தகிரி மிலார் செடிகளால் மூடுவது கூரை போடும் வழி. நாற்றங்காலுக்கு இது போதும். புல்மேட்டில் ஆயிரம் கன்றுக்கு யார் போய் மூடுவது? எத்தனை வருடம்?

பள்ளத்துத் தோட்டத்தில் பனி மாதங்களில் நாங்கள் கவாத்து வைப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெட்டிய காயத்தோடும் இளந்துளிரோடும் பனியைச் சந்திக்கவிடக் கூடாது.

கேள்விக்குறி

சூடாவதால் பனி குறையும் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? வறட்சியில் மேகம் இல்லாவிட்டால் இரவு இன்னும் குளிரும் அல்லவா?

சவன்னா மாணவி

எடுத்துக்கொள்ள முடியாது, சரியாகப் பிடித்தீர்கள். பப்புவா நியூ கினியின் மேட்டுநிலம் நல்ல உதாரணம். நிலநடுக்கோட்டுக்கு 6 டிகிரிக்குள்தான் இருக்கிறது. அங்கே பெரும் உறைபனிகள் எல் நினோ ஆண்டுகளில் (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் ஆண்டுகளில்) வந்தன. 1972, 1997, 2015. மழை நின்று, மேகம் விலகி, இரவுகள் தெளிந்தன. 2,200 மீட்டருக்கு மேலுள்ள ஊர்களில் சர்க்கரைவள்ளிக் கொடிகள் கருகின, மக்கள் உணவின்றிக் கீழே இறங்க வேண்டியிருந்தது. அதே வறட்சியில் காட்டிலும் புல்லிலும் தீ பரவியது.

ஆகவே சராசரி வெப்பம் ஏறினாலும் தெளிந்த வறண்ட இரவுகள் கூடினால் பனி ஓர் இடத்தில் தொடரலாம். மேகம் கூடும் இடத்தில் குறையலாம். நீலகிரிக்கு என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டுமானால் புல் மட்டத்தில் பல ஆண்டு அளவீடு வேண்டும்.

ஓய்வு வனவர்

பாலா, உங்கள் குழுவின் தண்ணீர்க் கணக்குக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நீலகிரியின் கிளன்மார்கனில் மண், நீர்வள ஆய்வு மையம் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தது. ஒன்று புல்வெளியாகவே விடப்பட்டது. மற்றொன்றில் 59 சதவீதப் பரப்பில் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றிலேயே நட்ட பக்கத்தில் நீரோட்டம் 16 சதவீதம் குறைந்தது. சோலை மரம் கற்பூர மரத்தைப் போலக் குடிக்காது என்று நீங்கள் சொல்லலாம், சரிதான். ஆனால் புல் மொட்டை நிலம் இல்லை. மழையை வாங்கி ஓடைக்குக் கொடுக்கும் நிலம் அது. வரையாடு மேய்வதும் அங்கேதான்.

என் கருத்து திட்டவட்டமானது. பழைய புல்வெளியில் எந்த மரமும் நடாதீர்கள், சோலை மரமாக இருந்தாலும். உங்கள் இளைஞர்களுக்கு வேலை வேண்டுமானால் புல்வெளியில் புதிதாக ஏறும் சீகைக்கன்றுகளை, வேர் பிடிக்கும் முன், வனத்துறை அனுமதியோடு பிடுங்குவதில் சேரட்டும். முதிர்ந்த சீகைத் தோப்பை ஒரேயடியாக வெட்டித் திறந்துவிடுவது வேறு பிரச்சினை. வெளிச்சம் பட்டதும் விதையெல்லாம் எழும். சில பழைய தோப்புகளின் நிழலில் சோலைக்கன்றுகள் தாமாக முளைத்து வருவதையும் பார்த்திருக்கிறேன். அங்கே கூரை இருக்கிறது, பனி எட்டாது. சோலைக்கன்று நட விருப்பமென்றால் அப்படிப்பட்ட தோப்புக்குள் நடச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்விக்குறி

தோப்புக்குள் நடுவது எனக்கும் சரியாகப் படுகிறது. ஆனால் அந்தத் தோப்பு முன்பு புல்வெளியாக இருந்த இடமென்றால், நாம் புல்லைத் திருப்பிக் கொண்டுவர வேண்டாமா, அல்லது சோலையாக்கி விடலாமா? இதில் எனக்கு வனவர் ஐயாவோடு முழு உடன்பாடு இல்லை. தீர்ப்புச் சொல்லுமுன் இடத்துக்கு இடம் பார்க்க வேண்டும்.

ஓய்வு வனவர்

பார்க்கத்தான் வேண்டும். மேட்டில் இருந்தால் புல், ஓடைத் தலைப்பில் இருந்தால் சோலை என்பது என் சாய்வு. பழைய வரைபடங்களில் சோலை எல்லை குறித்திருக்கிறது, அதை எடுத்துவைத்துப் பேசலாம்.

எமரால்டு பாலா

இழையைக் குழுவில் பகிர்ந்தேன். புல்மேட்டில் நடும் திட்டத்தை விட்டுவிட்டோம். சீகைக்கன்று பிடுங்குவது பற்றி வனச்சரக அலுவலகத்தில் கேட்கப்போகிறோம். இந்தக் குளிர்காலத்தில் அளவெடுக்கவும் ஆசை. எங்களிடம் தானாகப் பதிவுசெய்யும் சிறு வெப்பமானிகள் வாங்கும் அளவுக்குப் பணம் இருக்கிறது. எங்கே எப்படி வைப்பது?

சவன்னா மாணவி

மிக நல்ல வேலை. புல்நுனி மட்டத்தில் ஒன்று, அதே இடத்தில் ஆளுயரத்தில் ஒன்று, சோலைக்குள் கன்று உயரத்தில் ஒன்று, தட்டையான சதுப்பு ஓரத்தில் ஒன்று. புல் மட்டத்துக் கருவி வானத்தைப் பார்த்து இருக்கட்டும், மூடி போட்டால் உண்மையான குளிர் பதிவாகாது. ஆனால் பகல் வெயிலில் அது பொய்யாகச் சூடு காட்டும், அதனால் மாலை 6 முதல் காலை 7 வரை உள்ள எண்களை மட்டும் எடுங்கள். 15 நிமிடத்துக்கு ஒரு பதிவு போதும். நவம்பர் தொடக்கத்தில் வைத்து மார்ச் முதல் வாரம் எடுங்கள். வைக்கும் முன் எல்லாவற்றையும் ஒரே ஐஸ் தண்ணீரில் அமிழ்த்தி, ஒவ்வொன்றும் பூஜ்ஜியத்திலிருந்து எவ்வளவு விலகிக் காட்டுகிறது என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இடத்தையும் உயரத்தையும் சரிவின் திசையையும் குறித்து இங்கேயே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.

நுவரெலியா ரவி

ஹோட்டன் பக்கம் பூங்காவுக்கு வெளியே, தோட்ட எல்லையில் எங்களாலும் இரண்டு வைக்க முடியும். அதே முறையில் வைக்கிறோம்.